கற்பூர வாசனை அடிக்கும் பிளாஸ்டிக்: பழைய செல்லுலாய்டு பொருளை அடையாளம் காணவும் காப்பாற்றவும் ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ஒரு சீப்பு இருந்தது. தேன் நிறம், நடுநடுவே கருப்பும் பழுப்புமாகத் திட்டுகள். ஆமை ஓட்டில் செய்தது என்று வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். ஒருநாள் கட்டைவிரலால் அதை அழுத்தித் தேய்த்து மோந்து பார்த்தேன். தீபாராதனைத் தட்டு வாசனை. ஆமைக்கும் கற்பூரத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. அது செல்லுலாய்டு.

விஷயம் தெரிந்ததும் நான் செய்த காரியம், அதைக் காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டு, பித்தளைக் குங்குமச் சிமிழோடு சேர்த்து பீரோவில் வைத்தது. பத்திரமாக இருக்கட்டும் என்றுதான். இரண்டு கோடை கழித்து எடுத்தால் சீப்பின் மேல் வியர்வை போல ஒரு பிசுபிசுப்பு, பற்கள் பாதி உதிர்ந்திருந்தன, பக்கத்தில் இருந்த சிமிழ் பச்சை பூத்துக் கிடந்தது. அந்தத் தப்பை இன்னொருவர் செய்ய வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அடையாளம் காண்பதற்கு முன்னால், இந்தப் பொருள் எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. அது ஏன் சாகிறது என்பதற்கான பதில் அதன் பிறப்பிலேயே இருக்கிறது.

முதல் படி: உள்ளே என்ன இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

பஞ்சு, மரம், காகிதம் எல்லாவற்றுக்கும் உடம்பு செல்லுலோஸ்தான். சர்க்கரை மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீளச் சங்கிலி. இயற்கை நமக்குக் கட்டிக் கொடுத்த பாலிமர் அது. ஆனால் அதை உருக்க முடியாது, சூடாக்கினால் கருகும். அச்சில் வார்க்க வேண்டுமானால் முதலில் அதன் குணத்தை மாற்ற வேண்டும்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் கிறிஸ்டியன் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் அதைச் செய்தார். சமையலறையில் சிந்திய அமிலத்தை மனைவியின் பஞ்சுத் துணி ஏப்ரனால் துடைத்து, அடுப்பருகே காயப்போட்டார், அது பட்டென்று எரிந்து மறைந்தது என்று ஒரு கதை உண்டு. கதை நிஜமோ இல்லையோ, நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்து பஞ்சை நனைத்தால் வெடிப்பஞ்சு கிடைக்கும் என்று 1846-ல் அவர் உலகத்துக்குச் சொன்னது நிஜம். பார்க்கச் சாதாரணப் பஞ்சுதான். பொறி பட்டால் புகைகூட இல்லாமல் போய்விடும். (இதை வீட்டில் செய்து பார்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு: வேண்டாம். இதைத் தொழிலாகச் செய்தவர்களின் ஆலைகளே வெடித்துச் சிதறியிருக்கின்றன.)

அமிலத்தின் வேலையைக் கொஞ்சம் குறைத்தால் வெடிக்கும் வேகம் தணிந்து, ஈதரும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தில் கரையக்கூடிய ஒன்று கிடைக்கும். அதன் பெயர் கொலோடியன். தோலில் தடவினால் காய்ந்து மெல்லிய சவ்வாக ஒட்டிக்கொள்ளும் என்பதால் டாக்டர்கள் காயத்துக்குப் பூசினார்கள். 1851-ல் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் அதைக் கண்ணாடியில் பூசிப் போட்டோ எடுத்தார். திரவம் ஆவியானதும் மிஞ்சும் கெட்டியான பொருளை வேறெதற்காவது பயன்படுத்தலாமே என்று யோசித்தவர், இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த அலெக்சாண்டர் பார்க்ஸ்.

பார்க்ஸ் தன் சரக்குக்குத் தன் பெயரையே வைத்தார்: பார்க்சின். 1862 லண்டன் உலகப் பொருட்காட்சியில் சீப்பு, கத்திப்பிடி, பொத்தான், பதக்கம் என்று அடுக்கிவைத்து வெண்கலப் பதக்கமும் வாங்கினார். 1866-ல் கம்பெனி தொடங்கி 1868-ல் மூடினார். விலையைக் குறைக்க வேண்டும் என்ற வெறியில் மட்டமான மூலப்பொருளைப் போட்டதும், திரவம் முழுதாக உலர்வதற்குள் விற்றதும் காரணம். வாங்கியவர்களின் சீப்பு வீட்டுக்குப் போனபின் முறுக்கிக்கொண்டது.

அடுத்த ஆள் அமெரிக்காவின் ஆல்பனி நகரத்து அச்சுத் தொழிலாளி ஜான் வெஸ்லி ஹயட். அங்கே 1860-களில் பில்லியர்ட்ஸ் பைத்தியம் பிடித்திருந்தது. பந்து யானைத் தந்தத்தில் கடைய வேண்டும். ஒரு தந்தத்தில் நல்ல பந்து சிலவே தேறும். தந்தத்துக்கு மாற்று கொண்டுவருபவருக்குப் பத்தாயிரம் டாலர் என்று பந்து விற்கும் ஒரு கம்பெனி அறிவித்தது. ஹயட் முதலில் மரத்தூள், காகிதக்கூழ் உருண்டைகளின் மேல் கொலோடியன் பூசிப் பார்த்தார். பந்தோடு பந்து பலமாக மோதினால் சின்ன வெடிச் சத்தம் வந்ததாம். கொலராடோவில் ஒரு மதுக்கடைக்காரர், ‘எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை, ஆனால் சத்தம் வரும்போதெல்லாம் இங்கிருக்கிறவர்கள் துப்பாக்கியை உருவிவிடுகிறார்கள்’ என்று எழுதியதாக ஹயட்டே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

ஹயட்டின் சாமர்த்தியம் கற்பூரத்தில் இருக்கிறது. பார்க்ஸும் கற்பூரத்தைப் பயன்படுத்தியவர்தான். ஆனால் அதோடு நிறைய திரவத்தையும் ஊற்றினார், அது ஆவியாகும்போது பொருள் சுருங்கியது. ஹயட் திரவத்தைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, நைட்ரோசெல்லுலோஸ் (அதாவது அமிலத்தில் நனைத்த அந்தப் பஞ்சு) தூளையும் கற்பூரத் தூளையும் கலந்து சூடும் அழுத்தமும் கொடுத்தார். சூட்டில் கற்பூரமே கரைப்பானாக மாறிப் பஞ்சு இழைகளுக்குள் புகுந்து அவற்றை வழுக்கி நகரச் செய்தது. ஆறியதும் கொம்பு போலக் கெட்டி, வெந்நீரில் போட்டால் மறுபடி இளகும். 1870-ல் காப்புரிமை, 1872-ல் அவருடைய அண்ணன் ஐசாயா வைத்த ‘செல்லுலாய்டு’ என்ற பெயர், அதே சமயத்தில் நியூஜெர்சியின் நூவர்க்கில் ஆலை. லண்டனில் பார்க்ஸிடம் வேலை பார்த்த டேனியல் ஸ்பில், பார்க்சின் போன்ற தன் சரக்கான ‘சைலோனைட்’டைத் திருடிவிட்டார்கள் என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டார். வழக்கு பல வருஷம் இழுத்து, முதலில் ஸ்பில் பக்கம் சாய்ந்து, 1884-ல் திரும்பியது: கற்பூரம் போட்டுக் கரைத்ததில் முன்னோடி பார்க்ஸ், ஸ்பில்லுக்கு அதில் உரிமை இல்லை. கம்பெனியை இழுத்து மூடிப் பதினாறு வருஷம் கழித்து பார்க்ஸுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

ஹயட் முதலில் விற்றது பல் செட். சூடாகத் தேநீர் குடித்தால் அது வாயிலேயே இளகும், சாப்பாடெல்லாம் கற்பூரம் மணக்கும். அப்புறம்தான் சட்டைக் காலர், சீப்பு, பியானோ கட்டை, பொம்மை என்று சரியான வழிக்கு வந்தார்கள்.

மனதில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: செல்லுலாய்டில் இரண்டே சரக்கு. ஒன்று, எரியத் துடிக்கும் அமிலப் பஞ்சு. இன்னொன்று, அதை இளக்கிப் பிடித்து வைத்திருக்கும் கற்பூரம். திறந்து வைத்த கற்பூரம் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். கெட்டியான நிலையிலிருந்து நேராகக் காற்றில் கலந்துவிடும். பூஜை அலமாரியில் சில மாதத்தில் நடப்பது செல்லுலாய்டில் பல பத்தாண்டுகளில் நடக்கிறது.

இரண்டாம் படி: மூக்கைப் பயன்படுத்துங்கள்

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். நமக்குத் தெரியும், இந்த விஷயத்தில் வெள்ளைக்காரச் சேகரிப்பாளர்களைவிட நாம் ஒரு படி மேல். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். தைலம், சென்ட் எதுவும் கையில் இருக்கக் கூடாது. பொருளின் மறைவான இடத்தில், சீப்பானால் முதுகுப் பக்கம், பேனாவானால் மூடியின் உள் விளிம்பில், கட்டைவிரலால் முப்பது எண்ணும்வரை வேகமாகத் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் மோந்து பாருங்கள்.

கற்பூரம் என்றால் செல்லுலாய்டு. வினிகர் வாடை என்றால் அதன் தம்பி செல்லுலோஸ் அசிடேட். ஆஸ்பத்திரி கார்பாலிக் வாடை வந்தால் பேக்லைட். 1907-ல் லியோ பேக்லண்ட் செய்தது, செல்லுலோஸோடு சொந்தமில்லாத செயற்கைப் பிளாஸ்டிக். லேசான பால் வாடை வந்தால் கேசின், பாலின் புரதத்திலிருந்து செய்தது. கந்தக வாடை என்றால் ஈபோனைட், அதாவது கெட்டி ரப்பர். பழைய கருப்புப் பேனாக்கள் பல அதுதான். நிஜ ஆமை ஓடும் கொம்பும் சும்மா தேய்த்தால் பெரிதாக மணக்காது.

கவனம்: அந்துருண்டை போட்ட பெட்டியில் கிடந்த எந்தப் பொருளும் கற்பூரம் போலத்தான் மணக்கும். இரண்டு நாள் வெளியே காற்றாட வைத்துவிட்டுச் சோதியுங்கள்.

வாசனை தெரியவில்லையா? சிலர் வெந்நீர்க் குழாயடியில் காட்டச் சொல்வார்கள். உலோக ஓரம், ஒட்டுவேலை, வண்ணம் இல்லாத, விரிசல் விடாத பொருளானால் சில நொடி காட்டலாம். கேசினாக இருந்தால் தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும், அதனால் எனக்கு இது பிடித்த முறை இல்லை. பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்லும் வீடியோக்களும் நிறைய. தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள். செல்லுலாய்டானால் ஊசி பட்ட இடம் குப்பென்று பற்றிக்கொள்ளும். வேறு ஏதாவது ஆனால் ஓட்டை மட்டும் மிச்சம்.

மூன்றாம் படி: கண்ணால் பாருங்கள்

தந்தம் போலத் தெரியும் பவுடர் டப்பா, முகம் பார்க்கும் கண்ணாடிப் பிடி, ஷூ கொம்பு கிடைத்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நூல் பிடித்தது போல நேரான, இணையான, ஒரே இடைவெளியில் ஓடும் கோடுகள் தெரிந்தால் அது செல்லுலாய்டு. வெள்ளையும் இளமஞ்சளுமான மெல்லிய தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, அழுத்தி ஒரே கட்டியாக்கி, குறுக்கே சீவி எடுத்ததால் வந்த கோடுகள் அவை. யானை இவ்வளவு ஒழுங்காக வளராது. நிஜத் தந்தத்தைக் குறுக்கே வெட்டிய முகத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு சாய்சதுரமாக ஓடும். ‘பிரெஞ்சு ஐவரி’ என்ற முத்திரையைப் பார்த்து யாராவது தந்த விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அது செல்லுலாய்டின் விற்பனைப் பெயர்.

கட்டி, தகடு என்றேனே, ஆலையில் நடந்தது இதுதான்: கற்பூரம் கலந்த மாவைச் சூடான உருளைகளுக்கு நடுவே சப்பாத்தி மாவு போலப் பிசைந்து, அடுக்கி, அழுத்தத்தில் பெரிய பாளமாக்குவார்கள். பாளத்திலிருந்து வேண்டிய கனத்தில் தகடு சீவுவார்கள். பிறகு தகடுகளை வாரக்கணக்கில், கனமானவற்றை மாதக்கணக்கில் உலரவிடுவார்கள். பார்க்ஸ் அவசரப்பட்டது இந்தக் கடைசி வேலையில்தான். பொம்மை செய்ய இரண்டு தகட்டை அச்சுக்குள் வைத்து நடுவே நீராவி ஊதுவார்கள்; அதனால் பொம்மையின் பக்கவாட்டில் ஒரு தையல் கோடு இருக்கும், உள்ளே கூடு, எடை இருக்காது, விரலால் அமுக்கினால் பள்ளம் விழும்.

ஆமை ஓட்டுச் சீப்பில் திட்டுகளைப் பாருங்கள். நிஜ ஓட்டில் நிறம் ஒன்றுக்குள் ஒன்று கசிந்திருக்கும். பூதக்கண்ணாடியில் பொடிப் பொடிப் புள்ளிகளாகத் தெரியும். செல்லுலாய்டில் பழுப்புத் திட்டுக்குக் கரை போட்டதுபோல விளிம்பு இருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி வேண்டுமா? பழைய டேபிள் டென்னிஸ் பந்து ஒன்றைத் தேடுங்கள். 2014-ல் சர்வதேசப் போட்டிகளில் வேறு பிளாஸ்டிக் வருவதற்கு முன், ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பந்து செல்லுலாய்டுதான். நெளிந்துபோன பந்தைக் கத்தரிக்கோலால் பிளந்து உடனே மோந்தால், இரண்டாம் படியில் சொன்ன வாசனை சந்தேகமில்லாமல் புரிந்துவிடும்.

நான்காம் படி: உடம்பு எப்படி இருக்கிறது என்று சோதியுங்கள்

செல்லுலாய்டின் நோய் உள்ளிருந்து வருவது. ஈரமும் சூடும் வெயிலும் பட்டால் அமிலப் பஞ்சு மெல்ல உடைந்து நைட்ரஜன் ஆக்சைடு ஆவியை விடும். அந்த ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் நைட்ரிக் அமிலம். அமிலம் மிச்சமிருக்கும் பொருளை இன்னும் வேகமாக உடைக்கும், இன்னும் ஆவி வரும். மூடிய கவருக்குள் இது எங்கே போகும்? என் சீப்புக்கு நடந்தது அதுதான். நான் பத்திரப்படுத்தவில்லை, அதன் விஷத்தை அதற்கே ஊட்டினேன்.

மஞ்சளாவது வயது, பயப்பட வேண்டாம். பக்கத்து உலோகத்தில் பச்சை பூப்பதும், கீல், ஆணி துருப்பிடிப்பதும் முதல் எச்சரிக்கை. ஒளிபுகும் பொருளின் உள்ளே சின்னச் சின்னக் கனசதுரமாக விரிசல் வலை தெரிந்தால் நோய் முற்றிவிட்டது. பிசுபிசுப்பு, கற்பூரத்தை மீறி மூக்கில் ஏறும் காரநெடி, தொட்டால் உதிர்வது இவை கடைசிக் கட்டம். அந்த நிலையில் ஒரு பொருள் இருந்தால் மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள். இது ஒட்டுவாரொட்டி.

ஐந்தாம் படி: வைக்கும் இடம்

காற்றாட வைக்க வேண்டும். நம் ஊரில் இது ஒன்றே பாதி வேலை. மூடியில் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி, அதனுள் அமிலமில்லாத டிஷ்யூ காகிதம் அல்லது வெளுத்த பழைய பருத்தித் துணி. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகச் சுற்றுங்கள். மொட்டை மாடிக்குக் கீழ் அறை, அடுப்படி, ஜன்னலோரக் காட்சி அலமாரி மூன்றும் கூடாது. வீட்டிலேயே குளிர்ச்சியான, இருட்டான, ஈரம் இல்லாத மூலை எதுவோ அது. கடலோர ஊர்க்காரர்கள் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, அதை அவ்வப்போது மாற்றினால் நல்லது. அமில ஆவியை உறிஞ்ச, மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும் ஆக்டிவேட்டட் கரியைத் துணியில் முடிந்து வைக்கலாம்.

வெள்ளி, பித்தளை, பழைய கடிதம், பட்டுப்புடவை எதுவும் அதே பெட்டியில் வேண்டாம். அந்துருண்டையும் வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். போன கற்பூரத்தை ஈடுகட்ட இரண்டு வில்லை கற்பூரம் போட்டு வைக்கலாமே என்று என் சித்தி கேட்டார். நல்ல கேள்விதான், ஆனால் வெளியே வைத்த கற்பூரம் உள்ளே இருந்த இடத்துக்குத் திரும்பிப் போகாது.

துடைக்க, தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி போதும், உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். தின்னர், ஸ்பிரிட், சானிடைசர், நகப்பூச்சு நீக்கி எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள். நகப்பூச்சில் இருப்பதே பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ். அதைக் கரைக்கும் திரவம் உங்கள் பேனாவையும் கரைக்கும். பேனா என்றதும் ஒன்று: பழைய செல்லுலாய்டு பேனாவுக்குள் மை உறிஞ்சும் ரப்பர் பை இருந்தால், அதிலிருந்து வரும் கந்தக ஆவி பேனாவை உள்ளிருந்து பழுப்பாக்கும். பயன்படுத்தாத பேனாவானால் பையைக் கழற்றி வைப்பது மேல்.

ஆறாம் படி: வீட்டில் படச்சுருள் இருந்தால்

இங்கே விளையாட்டு இல்லை. 1889-ல் ஈஸ்ட்மன் கம்பெனி ஒளிபுகும் செல்லுலாய்டுச் சுருளை விற்கத் தொடங்கியதிலிருந்து, 1951-ல் கோடாக் அந்த வகையை நிறுத்தும்வரை, 35 மில்லிமீட்டர் சினிமாச் சுருள் பெரும்பாலும் நைட்ரேட், அதாவது இதே அமிலப் பஞ்சு வகைதான். பற்றிக்கொண்டால் அதற்கு வெளிக்காற்று தேவையில்லை, தன் ஆக்சிஜனைத் தானே கொண்டிருக்கிறது. தண்ணீருக்குள் தள்ளினாலும் எரியும். புகை விஷம். 1929-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர மருத்துவமனை ஒன்றில் நைட்ரேட் எக்ஸ்ரே படங்கள் பற்றியபோது 123 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையால். புனேயில் 2003 ஜனவரியில் பழைய இந்தியப் படங்களின் நைட்ரேட் பிரதிகள் ஒரு கிடங்கோடு எரிந்துபோயின. சென்னையில் எடுத்த மவுனப் படங்களில் அநேகமாக எதுவும் இன்று இல்லாததற்கு இந்தச் சரக்கின் குணமும் ஒரு காரணம்.

சுருளின் ஓரத்தில் ‘சேஃப்டி’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் அசிடேட், ஆபத்தில்லை. 8, 16 மில்லிமீட்டர் வீட்டுச் சுருள்களும் அப்படியே. ‘நைட்ரேட்’ என்று இருந்தாலோ, 1950-களுக்கு முந்தைய 35 மில்லிமீட்டர் சுருளில் எதுவுமே எழுதாமல் இருந்தாலோ, புரொஜெக்டரில் ஓட்டாதீர்கள், வெட்டி நெருப்பில் காட்டாதீர்கள், கூரியரில் அனுப்பாதீர்கள். வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்துவிட்டு, புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். டப்பாவைத் திறந்தால் பழுப்புப் பொடியோ தேன் போன்ற நுரையோ இருந்தால் அப்படியே மூடித் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள்.

அசிடேட்டுக்கு வேறு நோய். அதைப் பிரான்சில் பால் ஷுட்சன்பெர்கர் 1865-லேயே செய்துவிட்டார், ஆனால் எளிதாகக் கரையும் வகை வர நாற்பது வருஷம் ஆனது. முதல் உலகப் போரில் விமான இறக்கைத் துணியை விறைப்பாக்கப் பூசினார்கள். லெகோ கட்டைகள்கூட 1963 வரை இதில்தான். இன்று நீங்கள் போட்டிருக்கும் கண்ணாடி பிரேம் ‘அசிடேட்’ என்று கடைக்காரர் சொன்னால், மூக்கின் மேல் உட்கார்ந்திருப்பது பஞ்சும் மரக்கூழும்தான். நைட்ரிக்குக்குப் பதில் அசிட்டிக் அமிலம் சேர்ந்தது என்பதால் கெடும்போது வினிகர் நாறும். கல்யாண ஆல்பத்து நெகட்டிவ் கவரைத் திறந்ததும் ஊறுகாய் நெடி வந்தால், அதைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துக் காகித உறைக்கு மாற்றி, மற்ற நெகட்டிவ்களிடமிருந்து பிரித்து, இந்த மாதமே ஸ்கேன் செய்துவிடுங்கள். சுருங்கத் தொடங்கிய பிறகு ஸ்கேனர் தட்டில் படியாது.

கடைசிப் படி: போனது போனதுதான் என்றால்

கெட்டுப்போன செல்லுலாய்டைத் திரும்ப நல்லதாக்க வழி இல்லை. நான்கு பக்கமும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, அளவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சீப்பு, பொத்தான் அளவுள்ள உடைசலைத் தண்ணீரில் நனைத்த துணியில் சுற்றி, நகராட்சி ஆபத்தான கழிவு வாங்கும் இடம் இருந்தால் அங்கே கொடுங்கள். குப்பையோடு போட்டுத் தெருமுனையில் யாரோ கொளுத்திவிடும்படி விடாதீர்கள்.

முக்கியமாக, பழையன கழிக்கிறேன் என்று போகி நெருப்பில் எறிய வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு வருஷம் பக்கத்து வீட்டுப் பையன் உடைந்த பொம்மை ஒன்றைப் போட்டான். ஓலைப் பாய் நிதானமாக எரிந்துகொண்டிருந்த நெருப்பில் வெள்ளையாக ஒரு ஆள் உயரத்துக்குச் சீறியது. அவன் புருவம் பொசுங்கியதோடு போயிற்று. பொம்மை இருந்த இடத்தில் சாம்பல்கூட இல்லை.